வகுபடும் விதிகள் சார்ட்டும் பயிற்சி நோட்டும்: வாங்கலாம், ஆனால் 12-க்கான வரியைத் திருத்திவிட்டு ஒட்டுங்கள்

மகள் ஆறாம் வகுப்பு. காரணிகளைக் கண்டுபிடி என்று கணக்கு வந்தால் 2, 3, 4, 5 என்று வரிசையாக எல்லா எண்ணாலும் வகுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், ஒரு கணக்குக்கே ஒரு பக்கம் போய்விடும். அதனால் எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் இந்தச் சார்ட்டையும் கூடவே வரும் நோட்டையும் 120 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு மாதமாகச் சுவரில் இருக்கிறது.

நோட்டில் 9-க்கான பக்கம் அருமை. இலக்கங்களைக் கூட்டிப் பார் என்று சொல்லி நிறுத்தாமல் ஏன் என்று குச்சிக் கட்டுகளை வரைந்து காட்டியிருக்கிறார்கள். 432 குச்சிகள். நூறு குச்சிக் கட்டு ஒவ்வொன்றிலும் 99-ஐ ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் மீதி ஒன்று, பத்துக் கட்டிலும் 9 போக மீதி ஒன்றுதான், ஆக நூறுகளிலிருந்து 4, பத்துகளிலிருந்து 3, உதிரி 2, சேர்த்தால் 9, மிச்சமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு "அப்பா, அப்போ 3-க்கும் இதேதானே?" என்று அவளே கேட்டாள். எனக்கு அந்தக் கேள்விக்கே கொடுத்த காசு தகும். நான் படித்தபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை, மனப்பாடம் செய்ததோடு சரி.

இப்போது குறை. சார்ட்டில் 12-க்கு நேரே "2 ஆலும் 6 ஆலும் வகுபட வேண்டும்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது தப்பு. 18-ஐ எடுங்கள், இரண்டாலும் போகும், ஆறாலும் போகும், பன்னிரண்டால் போகாது. 6-க்குள்ளேயே 2 இருக்கிறது, அதைத் தனியாகச் சோதிப்பதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. 3, 4 என்று இருந்திருக்க வேண்டும், அவை இரண்டுக்கும் 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது. என் மகள் இதை நம்பி வகுப்புத் தேர்வில் 90-க்குக் காரணியாக 12-ஐயும் எழுதிவிட்டு வந்தாள். குழந்தை சுவரில் இருப்பதை அப்படியே நம்பும், அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

இன்னொன்று, காரணிகளை எதுவரை தேட வேண்டும் என்று நோட்டில் எங்கேயும் இல்லை. 84-க்கு ஜோடி ஜோடியாக எழுதச் சொன்னேன்: 1×84, 2×42, 3×28, 4×21, 6×14, 7×12. அப்புறம் 8, 9 இரண்டும் போகாது, 10×10 எழுதினால் 84-ஐத் தாண்டிவிடுகிறது, அதற்கு மேல் தேட வேண்டியதே இல்லை, 12 காரணிகளும் வந்துவிட்டன. இதைச் சொல்ல நாலு வரி போதும், சேர்த்திருக்கலாம்.

7-க்கான விதி இருப்பது நல்ல விஷயம். கடைசி இலக்கத்தை இரட்டித்து மீதி எண்ணிலிருந்து கழிக்க வேண்டும், 91 என்றால் 9-லிருந்து 2 போக 7, அதனால் வகுபடும். 91-ஐப் பகா எண் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களையே பார்த்திருக்கிறேன்.

தாள் கெட்டி, லேமினேஷன் ட்யூப்லைட்டில் கொஞ்சம் பளபளக்கிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். 12-க்கான வரியில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி 3, 4 என்று எழுதிவிட்டேன், கடைக்காரரிடமும் காட்டினேன், மீதிச் சார்ட்டுகளிலும் திருத்தித் தருவதாகச் சொன்னார்.