எந்த வழியில் போனால் ஊர் பெயர் கிடைக்கும்?

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் குடும்ப வரலாறு தேடுகிற யாரைக் கேட்டாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: நம்ம ஆட்கள் அக்கரையில், இந்தியாவில், எந்த ஊர்? நான் போய்ப் பார்த்த வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். பிரதேச செயலகத்தில் காசு கட்டினால் பிரதி கிடைக்கும்; வருடமும் தோட்டமும் உறுதியாகும். ஆனால் அந்தப் படிவத்தை நிதானமாகப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களிடம் கேட்ட அதே கேள்வி. என் அப்பாவின் பத்திரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. பாட்டன் கடல் தாண்டி வந்தவர் என்று அந்தக் கோட்டில் தெரிகிறது. எங்கிருந்து வந்தார் என்று எழுத அங்கே இடமே இல்லை. அந்தக் கோட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு கனக்கும்.

தோட்டத்து செக்ரோல் இதைவிட மோசம். அது பெயரும் நாட்கணக்கும் உள்ள சம்பளப் புத்தகம், அவ்வளவுதான். 1975இல் தோட்டங்களை அரசு எடுத்து, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நான் போன ஆபீசில் பழைய புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஃபெமிலிசேர்ச் மாதிரி இணையத் தளங்கள் இலவசம்தான். ஆனால் குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் முன்னெழுத்து மட்டுமே உள்ள நாம் எதை எழுதுவது? கிடைத்த தகவலைச் சேர்த்து வைக்கப் பயன்படுத்தலாம், தேட வேண்டாம்.

தாள்களில் நான் முதலிடம் கொடுப்பது இந்தியப் பாஸ்போட்டுக்கு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. அப்போது இந்தியாவுக்குப் பேர் கொடுத்த எங்கள் சின்னத் தாத்தாவின் பாஸ்போட்டில் கிராமமும் 'முசிறி தாலுகா'வும் இருந்தன. உங்கள் குடும்பத்திலும் அப்படிப் போனவர்கள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கலாம். அவர்களின் ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

அந்தக் கிராமத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது. அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியோ எப்போதும் துறையூர்ப் பக்கம் என்றுதான் சொல்வார். இரண்டில் ஒன்று தப்பு என்று நினைத்தேன். பழைய நாளில் துறையூர் முசிறித் தாலுகாவுக்குள்தான் இருந்தது என்று அப்புறம் தெரிந்தது. தாளும் சரி, அப்பாயியும் சரி. பெரியவர்களிடம் "என்ன ஊர்?" என்று கேட்டால் பலருக்கு வாய் வராது. "நம்ம குலசாமி எது, எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாயி ஒரு மணி நேரம் பேசினார், கிடா வெட்டு, ஆத்தங்கரை, புளியமரம் எல்லாம் வந்தது.

யாரும் பார்க்காத வழி ஒன்று உண்டு: தோட்டத்துக் கோயில். தோட்டத்துக்கு ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சொந்தத்திலும்தான் ஆள் சேர்த்து வந்தார்கள். ஆகவே உங்கள் கங்காணியின் ஊர் தெரிந்தால், உங்கள் ஊர் அங்கேயோ பக்கத்திலேயோ இருக்கவே வாய்ப்பு அதிகம். எங்கள் மாரியம்மன் கோயிலின் பழைய மணியைப் பூசாரி மாமாவின் அனுமதியோடு இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். களிம்புக்குள்ளிருந்து 'உபயம்' தெரிந்தது, பெரிய கங்காணி பெயர் வந்தது, அடுத்த வரியில் அவர் ஊர். பாஸ்போட்டில் அழியாமல் நின்ற முதல் இரண்டு எழுத்தும் அதுதான்.

வரிசை கேட்டால், அப்பாயி, கோயில் மணி, பாஸ்போட், பிறகு மற்றவை. பத்திரம் அடுத்த வருடமும் கிடைக்கும்; அப்பாயிக்கு எண்பத்தாறு வயது.

ஊர் பெயரை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "ஆமாய்யா, அதேதான்" என்று சொல்லிவிட்டு, மறந்துபோன தன் மாமியார் பெயரையும் சொன்னார்.