ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேன் புஷ்ஷா?

காரின் சஸ்பென்ஷன் பாகங்கள் இணையும் இடத்தில் அதிர்வைத் தாங்க இருக்கும் உருளை வடிவ மெத்தைதான் புஷ். ஒரே காரை வேகமாகவும் ஓட்ட வேண்டும், தினமும் ஓட்ட வேண்டும் என்றால் என் தேர்வு கெட்டியான ரப்பர்தான். பாலியூரிதேன் (ஒருவகைக் கெட்டி பிளாஸ்டிக்) போட்டால் ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி சட்டென்று திரும்பும், உண்மை. ஆனால் ரப்பர், புஷ்ஷின் நடுவிலுள்ள உலோக உள்குழாயோடு ஒட்டிக்கொண்டு முறுக்கி அசைகிறது. பாலியூரிதேன் அந்தக் குழாயின்மேல் வழுக்கிச் சுழல வேண்டும். கிரீஸ் காய்ந்தால் கீச்கீச்தான். பல திசையில் அசையும் டிரெய்லிங் ஆர்மில் (சக்கரத்தை அதற்கு முன்னால் வண்டியோடு இணைக்கும் கை) இறுகிப் பிடித்துக்கொள்ளும்; அங்கே வேண்டவே வேண்டாம். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்குத் தாராளமாகப் போடலாம். ஷாக் அப்சார்பரின் மேல்முனையை வண்டியோடு பிணைக்கும் மவுண்ட்டுக்கும் கெட்டி ரப்பரே போதும்; உலோக பேரிங் மவுண்ட் சாலைச் சத்தத்தை அப்படியே உள்ளே கொண்டுவரும்.

அப்புறம், ரப்பர் புஷ் போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் எந்நேரமும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.