மீன் தோல் கொலாஜன் ஆய்வுக்கு எஸ்பி1.டி8 ஆன்டிபாடி: வாங்கலாமா?

குளச்சல், சின்னமுட்டம் கரைகளில் மீன் தோலுக்குப் பஞ்சமில்லை. அதிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தின் சிறு துண்டுகளை (பெப்டைடு) எடுத்து, கொலாஜனை உண்டாக்கும் மனிதத் தோல் செல்லான ஃபைப்ரோபிளாஸ்டில் விட்டு, புதுக் கொலாஜன் உண்டாகிறதா என்று பார்ப்பவர்களுக்கான ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட புரதத்தைப் பிடித்துக் காட்டும் பொருள், இது. சாதாரணக் கொலாஜன் ஆன்டிபாடி, நாம் ஊற்றியதையும் செல் செய்ததையும் சேர்த்தே காட்டிவிடும் ஆபத்து உண்டு. எஸ்பி1.டி8 அப்படியில்லை. முதல் வகை புரோகொலாஜனின், அதாவது செல் முதலில் செய்யும் முழுமையடையாத கொலாஜனின், அமினோ முனைத் துண்டை மட்டும் பிடிக்கும். எலும்புத் தேய்மானச் சிகிச்சையில் ரத்தத்தில் பி1என்பி என்று அளப்பதும் இதே துண்டைத்தான். செல்லை விட்டு வெளியேறி இழையாகும்போது அடாம்ட்ஸ்-2 நொதி அதை வெட்டிவிடும்.

இதை மறந்து, எலிவாலில் இருந்து எடுத்த முதிர்ந்த கொலாஜனைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாக (கட்டாயம் சிக்னல் வர வேண்டிய ஒப்பீட்டு மாதிரியாக) வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டிவிட்டு, "பேண்டே வரல, ஆன்டிபாடி சரியில்ல" என்று திட்டுவது வழக்கம். வெட்டப்பட்ட துண்டு அதில் எப்படி இருக்கும்? ஃபைப்ரோபிளாஸ்டுக்குக் கொலாஜன் உற்பத்தியைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா1 புரதத்தை மில்லிக்கு 5 முதல் 10 நானோகிராம் கொடுத்து 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். அதுதான் சரியான கன்ட்ரோல்.

வைட்டமின் சி விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது இல்லாவிட்டால் புரோகொலாஜன் முறையாக மடியாமல் செல்லுக்குள்ளேயே தேங்கும். ஸ்டெய்ன் பளிச்சென்று தெரியும். உற்பத்தி கூடிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். மில்லிக்கு 50 மைக்ரோகிராம் எல்லாத் தட்டுக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். சாதா அஸ்கார்பேட் (வைட்டமின் சி) செல் வளர்க்கும் மீடியத்தில் சீக்கிரம் கெடும், பாஸ்பேட் வடிவம் தாங்கும்.

ஸ்டெய்னிங்குக்கு மில்லிக்கு 2 முதல் 5 மைக்ரோகிராமில் தொடங்கலாம். ஆன்டிபாடி செய்யும் செல்களை வளர்த்த திரவமான சூப்பர்நேட்டன்டாக வாங்கினால், அதன் செறிவு லாட்டுக்கு லாட் மாறும். அந்த லாட்டின் அளவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு பத்தில் ஒன்று என்று கலக்காதீர்கள். செல்லை நிலைப்படுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம், பிறகு செல் சவ்வில் துளையிட 0.1% டிரைட்டான். டிரைட்டான் போடாமல் விட்டால் ஆன்டிபாடி உள்ளே நுழையாது. நியூக்ளியஸை ஒட்டி மணிமணியாகத் தெரிந்தால் நல்லது. நியூக்ளியஸே மின்னினால் சந்தேகப்படுங்கள்.

எலி, சுண்டெலிக் காயத் திசுவுக்கு இதை வாங்க வேண்டாம். இது சுண்டெலியில் இருந்து உருவாக்கிய மோனோகுளோனல் (ஒரே வகை) ஆன்டிபாடி என்பதால், இதைக் கண்டுபிடிக்கப் போடும் செகண்டரி ஆன்டிபாடி, திசுவின் சொந்த ஆன்டிபாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த இனத்துக்குச் சோதித்த முயல் ஆன்டிபாடி தேடுவது உத்தமம்.

எஸ்பி1.டி8 கிடைப்பது அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஹைபிரிடோமா (ஆன்டிபாடி செய்யும் செல்) வங்கியில். 1986-ல் தொடங்கிய, லாப நோக்கில்லாத இடம். சரக்கு மலிவு, கூரியர் செலவுதான் கடிக்கும். நாலைந்து ஆன்டிபாடி சேர்த்து ஆர்டர் போட்டால் கட்டுப்படியாகும். கிறிஸ்துமஸ் வாரத்தில் நாகர்கோவில் வந்து சேரும்படி மட்டும் போட்டுவிடாதீர்கள், பெட்டியை வாங்க ஆளிருக்காது. வந்ததும் 20 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் பிரித்து உறைய வையுங்கள். தானாகப் பனி உருக்கும் வீட்டு ஃப்ரீசர் ஆகாது. ஐப்பசி மழையில் கரன்ட் போய்ப் போய் வரும் அறையென்றால் ஜெனரேட்டர் இணைப்புள்ள −80 ஃப்ரீசரில் இடம் கேட்டு வையுங்கள்.