உப்புத் தண்ணீர் வாசலுக்கு எந்தப் பூ: பேன்சியா, நித்தியகல்யாணியா, பத்துமணியா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரின் கரையோரத்தில் வாசலுக்குப் பூச்செடி தேடுகிறவர்களுக்கு என் பதில் நித்தியகல்யாணி. மூன்றையும் தொட்டியில் வளர்த்துப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன்.

அழகில் பேன்சிக்குத்தான் முதலிடம். ஊதாவும் மஞ்சளுமாக ஐந்து இதழ்கள், நடுவில் மை தீட்டியது போலக் கருந்திட்டு. ஊட்டியில் பாத்தி பாத்தியாகப் பார்த்துவிட்டு வந்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அது குளிர்காலச் செடி. நம் கரையில் தை மாத இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மாசி வெயில் ஏறியதும் தண்டு நீண்டு, பூ சிறுத்துவிடுகிறது.

வெயிலுக்காவது நிழல்வலை கட்டலாம். தண்ணீருக்கு என்ன செய்வது? ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்ற ஊற்ற, மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு படிகிறது. பேன்சி இலையின் ஓரம் கருகி உள்நோக்கிச் சுருள்கிறது. அதற்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். தள்ளுவண்டியில் குடம் குடமாக விலைக்கு வாங்கும் ஊரில், குடிக்கிற தண்ணீரைப் பூவுக்குப் பங்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நித்தியகல்யாணி அதே உப்புத் தண்ணீரில், மணல் கலந்த மண்ணில், சித்திரையிலும் பூக்கிறது. காய் வெடித்துச் சிதறும் விதை மழை பெய்ததும் தானே முளைத்துவிடும். அடுத்த வருடத்துக்கு நாற்று வாங்க வேண்டியதில்லை. கசப்பினால் ஆடு வாய் வைப்பதில்லை. இந்த ஊரில் இது சின்ன விஷயமா? ஒரே எதிரி தேங்கும் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டால் வேர் அழுகிவிடும்.

“சுடுகாட்டுப் பூவை ஏன் தம்பி வாசலில் வைத்திருக்கிறாய்?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் மருந்து இந்தச் செடியிலிருந்து கிடைப்பதுதான் என்று சொன்னேன். அதற்காக வீட்டில் யாரும் இலையைப் பறித்து மென்றுவிடக் கூடாது, அது நஞ்சு.

பத்துமணிப் பூவும் வெயிலையும் உப்பையும் தாங்கும். காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்வதுதான் குறை; மாலையில் வரும் விருந்தாளிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அடைமழையில் அதை நான் ஒரு பருவம்தான் பார்த்திருக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

பேன்சி ஆசை விடாதவர்கள் கார்த்திகை மழைநீரை டிரம்மில் பிடித்து மூடி வையுங்கள். மார்கழியில் இரண்டே தொட்டி, காலை வெயில் மட்டும் விழும் கிழக்குத் திண்ணையில் வைத்தால் போதும்.