மலைவீட்டுச் சுவரில் பூசணம்: பிளீச்சா, வினிகரா, வெங்காரமா, சுண்ணாம்பா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் சுவரில் கரும்புள்ளி பூத்திருக்கும். தென்மேற்குப் பருவமழை அடித்துப் பெய்யும் கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆடியிலேயே இது தொடங்கிவிடும். எதை அடித்தால் போகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு சதுர அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், அது அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்ப்பது. சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளேயே ஓதம் இருக்கிறது. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேட்டுப்பக்கச் சுவரில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். வெளியே மண் சுவர்மேல் சாய்ந்து கிடக்கும். மழைநீர் நேராக உள்ளே இறங்கும். அந்த மண்ணை விலக்கி, தரைமட்டத்துக்குக் கீழே வடிகால் எடுக்காதவரை எந்த மருந்தும் ஒரு மழைக்குமேல் தாங்காது.

இன்னொன்று: வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்திருப்பதெல்லாம் பூசணம் அல்ல. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து காணாமல் போனால் அது சுவர் உப்பு.

இனி மருந்துகள். பிளீச் பளபளப்பான பரப்புக்கு மட்டும்: டைல்ஸ், வாஷ்பேசின், கண்ணாடி. லிட்டருக்கு 60 மில்லி கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் போதும். பூச்சுச் சுவரில் அடித்தால் கறுப்பு வெளுக்கும், வேர் அப்படியே இருக்கும். குளோரின் மேல்பரப்பிலேயே தீர்ந்துவிட, கூட வந்த தண்ணீர் மட்டும் உள்ளே ஊறும். சில வாரத்தில் அதே இடத்தில் அதே வட்டம். பாத்ரூம் ஆசிட், வினிகர், அம்மோனியா கலந்த கிளீனர், இவற்றில் எதையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். கிளம்பும் விஷவாயு, ஜன்னல் அடைத்த குளிர்கால அறையில் உயிருக்கே ஆபத்து.

வெள்ளை வினிகர் ஜன்னல் சட்டம், மரக்கதவு, ஃப்ரிட்ஜ் ரப்பருக்கு நல்லது. தண்ணீர் கலக்காமல் தெளித்து, ஒரு மணி நேரம் விட்டுத் துடையுங்கள். எல்லா வகைப் பூசணத்தையும் அது கொல்லாது. பழைய பங்களாக்களின் சுண்ணாம்புப் பூச்சில் மட்டும் வேண்டவே வேண்டாம். அமிலம் சுண்ணாம்பை அரித்துவிடும்.

சுவருக்கு எங்கள் தேர்வு வெங்காரம் (போராக்ஸ்). நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். லிட்டருக்கு 50 கிராம், கட்டாயம் வெந்நீரில். ஊட்டிக் குழாய்த் தண்ணீரில் கரைத்தால் பாதி அடியில் மணல்போல் தங்கிவிடும். கரைத்ததை ஆறவைத்தாலும் அப்படித்தான். சூடு இருக்கும்போதே பூசுங்கள். பூசணத்தை முதலில் நனைத்துவிட்டுத்தான் பிரஷ் போட வேண்டும். உலர்ந்தபடி தேய்த்தால் வித்துகள் பறந்து வீடு முழுக்கப் பரவும். என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். தேய்த்த பிறகு மறுபடி ஒரு கை பூசி, கழுவாமல் காயவிடுங்கள். சுவரில் தங்கும் வெங்காரம்தான் பூசணத்தை மறுபடி முளைக்கவிடாது. வயிற்றுக்குள் போனால் விஷம். குழந்தைகள், நாய், பூனை எட்டாதபடி வையுங்கள்.

சுண்ணாம்பு அடிப்பது இதற்குப் போட்டி அல்ல, அடுத்த படி. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிழைக்காது; சுவரும் மூச்சுவிடும். பிளாஸ்டிக் எமல்ஷன் அந்த மூச்சை அடைத்துவிடும், ஓதம் உள்ளே தேங்கிக் கொப்புளம் கொப்புளமாக உரியும். ஆனால் காற்றுப் பட்டுப் பட்டுச் சுண்ணாம்பின் காரம் குறைந்துகொண்டே போகும். அதனால் ஆண்டுக்கொரு முறை அடிக்க வேண்டும். எமல்ஷன் இருந்த சுவரில் அதைச் சுரண்டி எடுத்த பிறகே சுண்ணாம்பு பிடிக்கும். ஒட்டுவதற்காகக் கஞ்சி கலக்காதீர்கள், பூசணத்துக்கு அதுவே சோறு.

பூசணம் ஏறிய மெத்தை, பிளைவுட், ஜிப்சம் சீலிங் ஆகியவற்றைக் கழற்றி எறிவது தவிர வழியில்லை.

காற்றின் ஈரம்தான் காரணம் என்றால் ஹீட்டரா, ஈரமுறிஞ்சும் மெஷினா? 10 டிகிரியில் நிறைஈரமாக இருக்கும் மூடுபனிக் காற்றை 20 டிகிரிக்குச் சூடேற்றினாலே ஈரப்பதம் பாதியளவுக்கு இறங்கிவிடும். அதனால் மின்சார ஹீட்டரே பல வீடுகளுக்குப் போதும். காஸ் ஹீட்டர் நேர்மாறு: ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேரும். மூடிய அறையில் கரிக்கணப்பு வைத்துத் தூங்குவது கார்பன் மோனாக்சைடால் உயிரையே எடுத்துவிடும். மெஷின் வாங்குவதானால் கம்ப்ரஸர் வகை 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனிக்கட்டி கட்டித் திணறும். கரண்ட் கூடுதலாக இழுத்தாலும், ஈரத்தை உறிஞ்சும் துகள் கொண்டு இயங்கும் வகையே (டெசிகன்ட்) மலைக்கு ஏற்றது. ஜன்னலை வெயில் இருக்கும் முற்பகலில் திறந்து, பிற்பகல் மூடுபனி ஏறுவதற்குள் அடையுங்கள். பீரோ வெளிச்சுவரை விட்டு நாலு அங்குலமாவது தள்ளி நிற்கட்டும்.