பழைய கலர் ஹெட்: ஹாலோஜனா, எல்இடியா?

மூடிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து வாங்கிய டர்ஸ்ட் எம்605 என்லார்ஜர் (ஃபிலிம் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரின்ட் போடும் கருவி) வெகுநாள் பரணிலேயே கிடந்தது. இறக்கிப் பார்த்தால் தூண், பெல்லோஸ், லென்ஸ் எல்லாம் நலம். பல்பும் நிற ஃபில்டர்களும் அவற்றைத் திருகும் டயல்களும் உள்ள மேல்பகுதியான கலர் ஹெட் மட்டும் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நீல, பச்சை எல்இடி வைக்கலாம் என்றான் நண்பன். நான் பழையதையே சரிசெய்தேன்.

எல்இடியில் சூடு குறைவு, கரண்ட் செலவும் குறைவு. சிவப்பும் சேர்த்தால், அது கறுப்பு வெள்ளைத் தாளைப் பாதிக்காது என்பதால், தாளைப் போட்டுவைத்தே படம் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். இதில் எனக்கு வாதமில்லை.

என் கவலை பராமரிப்பு. பழைய ஹெட்டில் கெட்டுப்போவது மூன்றே பொருள்: பல்பு, ஹோல்டர், தெர்மாகோல். பல்பு 12 வோல்ட், 100 வாட். ஆயுள் 50 மணி நேரம்தான். ஃபோகஸ், டெஸ்ட் ஸ்ட்ரிப் (வெளிச்சம் சரியா என்று பார்க்கப் போடும் தாள் துண்டு) எல்லாம் சேர்த்து ஒரு பிரின்ட்டுக்கு இரண்டு நிமிடம் எரித்தாலும் 1500 பிரின்ட் வரும். எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடுவதால் ஹோல்டரின் தொடுமுனை கறுத்திருந்தால் புது பல்பின் காலும் தீயும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறதே என்று எஸ்எம்பிஎஸ் என்னும் எலக்ட்ரானிக் பவர் சப்ளை வைத்துப் பார்த்தேன். பல்பின் குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்க, எஸ்எம்பிஎஸ் தாங்காமல் பல்பு அணைந்து அணைந்து எரிந்தது. மறுபடி இரும்பு டிரான்ஸ்ஃபார்மர்தான்.

ஒளி கலக்கும் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தெர்மாகோல் டீ நிறத்துக்கு வந்திருந்தது. மஞ்சளேறிய சுவர் நீலத்தை விழுங்கும். மல்டிகிரேடு தாளில், அதாவது விழும் ஒளியின் நிறத்தைப் பொறுத்துக் கான்ட்ராஸ்ட் மாறும் தாளில், கான்ட்ராஸ்ட் ஏற நீலம் வேண்டும். பச்சையைத் தடுத்து நீலத்தை விடும் மெஜந்தா டயலை எவ்வளவு திருகியும் படம் சப்பென்றே வந்ததற்குக் காரணம் இதுதான். அவசரப்பட்டு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். தின்னர் பட்டதும் ஒரு மூலை வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உள்வாங்கிவிட்டது. புதுத் தெர்மாகோல் வெட்டி ஒட்டி, வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷனைப் பூசினேன்.

ஃபில்டர்களைத் துடைத்ததோடு சரி. கண்ணாடி மேல் ஏற்றிய டைக்ரோயிக் பூச்சு, ஜெலட்டின் ஃபில்டர் மாதிரி வெளுக்காது. தாள் தயாரிக்கும் இல்ஃபோர்டு தரும் கிரேடு (கான்ட்ராஸ்ட் அளவு) அட்டவணையில் டர்ஸ்டுக்கு என்றே தனி எண்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து அன்று மாலையே பிரின்ட் போட்டுவிட்டேன்.

நண்பனின் எல்இடி ஹெட்டில் நான் வேலை பார்த்தது இரண்டே வார இறுதிகள். பிரின்ட் அருமையாகத்தான் வந்தது. ஆனால் எந்தக் கிரேடுக்கு எவ்வளவு நீலம், எவ்வளவு பச்சை என்ற கணக்கு அவனே போட்டது. ஒரு எல்இடி போய், வேறு தொகுதியில் வாங்கியதை மாட்டினான், வெளிச்சம் ஒத்துப்போகவில்லை. அத்தனை டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் முதலிலிருந்து. அவனுக்கு அது விளையாட்டு, எனக்குத் தாள் செலவு.

நான் போடுவது கறுப்பு வெள்ளை மட்டும். வண்ணப் பிரின்ட்டுக்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.

ஹாலோஜன் சூட்டில் நெகட்டிவ் வளைந்து ஃபோகஸ் நழுவுவது மட்டும் இன்னும் படுத்துகிறது. விளக்கைப் போட்டு, நெகட்டிவ் வளைந்து அடங்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் ஃபோகஸ் பிடிக்கிறேன்.