நார்வேயை எதில் பார்ப்பது: குரூஸிலா, ரயிலிலா?

முதல்முறை நார்வே போகிறீர்கள், கையில் எட்டு முதல் பத்து நாள் இருக்கிறது, தினம் நாலைந்து கிலோமீட்டர் நடக்கக் கால் ஒத்துழைக்கும் என்றால் தரைவழிதான் சரி. ஃபியோர்டுகளை, அதாவது செங்குத்து மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடல் கிளைகளை, பார்க்கத்தானே கப்பல் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபியோர்டைப் பார்க்கக் குரூஸ் வேண்டியதில்லை. மேற்கு நார்வேயில் சாலை முடிகிற இடத்தில் படகு தொடங்கும். ஊர்க்காரர்களின் காரையும் பேருந்தையும் ஏற்றிக்கொண்டு போகும் அதே படகுகள், குரூஸ் கப்பல் காட்டும் அதே பாறைச் சுவர்களுக்கு நடுவேதான் போகின்றன. தண்ணீர் மட்டத்துக்கு அருகிலேயே நிற்பதால் மலையின் உயரம் அதில்தான் நன்றாக உறைக்கிறது.

இதில் முதலில் பிரித்தறிய வேண்டியது, 'குரூஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கப்படுகிறது என்பதை. சவுதாம்ப்டன், ஹாம்பர்க், கீல், கோபன்ஹேகன் போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோருடன் கிளம்பும் பெரிய கப்பல் ஒன்று. மேற்குக் கரையிலுள்ள பெர்கனுக்கும் வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்கெனெஸுக்கும் இடையே ஆண்டு முழுவதும் ஓடும் கரையோரக் கப்பல் இன்னொன்று. மூன்றாவது, ஸ்காண்டிநேவியா பேக்கேஜ்களில் வரும் கோபன்ஹேகன்–ஓஸ்லோ இரவுக் கப்பல். இது கேபின் வைத்த ஃபெர்ரி, அவ்வளவுதான். காலையில் ஓஸ்லோ ஃபியோர்டு வழியாக உள்ளே நுழைவது இதமான காட்சி. ஆனால் ஓஸ்லோ ஃபியோர்டு தாழ்ந்த கரைகளும் தீவுகளும் கொண்டது. படங்களில் பார்க்கும் செங்குத்துச் சுவர்கள் அங்கே இல்லை. 'நார்வே குரூஸ் உண்டு' என்று பேக்கேஜில் எழுதியிருந்தால் எந்தக் கப்பல், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

பெரிய கப்பலின் கணக்கைப் பார்ப்போம். சவுதாம்ப்டனிலிருந்து ஏழு இரவுப் பயணம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் வடகடலிலேயே கழியும். மிச்சத்தில் நாலு துறைமுகம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எட்டு அல்லது ஒன்பது மணி நேரம். இறங்கும் வரிசை, புறப்படுவதற்குக் குறைந்தது அரை மணி முன்பே ஏறியாக வேண்டிய கட்டாயம் இரண்டையும் கழித்தால் நார்வே மண்ணில் நிற்பது மொத்தம் 30 மணி நேரம் தேறும். ஸ்டவாங்கரில் இறங்கினால் 604 மீட்டர் உயர ப்ரைக்கெஸ்டூலன் பாறைக்கு ஏறி இறங்க நாலு மணி நேரம், பேருந்தில் போக வரத் தனி நேரம் என்று அவசரமாக முடித்துவிடலாம். ட்ரோல்டுங்கா என்ற நீட்டிய பாறை கப்பல்காரர்களுக்குக் கிடையாது. அந்த நடைக்கே பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

அந்தக் கப்பலுக்கென்று ஒரு பெருமை உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதிகாலையில் மேல்தளத்தின் முன்பகுதியில் நின்றபடி 15 கிலோமீட்டர் நீளமுள்ள கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் நுழைவது அபாரமான அனுபவம். அதற்குப் பால்கனி அறை வேண்டும் என்று முகவர் சொன்னால் கேட்காதீர்கள். பால்கனி ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். ஃபியோர்டில் இரு பக்கமும் பார்க்க வேண்டும், திறந்த தளத்துக்கு எப்படியும் வரத்தான் போகிறீர்கள். உள்ளறை எடுத்து, மிச்சமாகும் பணத்தைக் கரைச் சுற்றுலாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருப்பதால் ஜன்னல் இல்லாத அறையில் தூக்கமும் நன்றாக வரும்.

பெரிய கப்பலில் தவறிப்போகக்கூடிய இடங்களும் உண்டு. காற்று பலமாக இருந்தால் ஒரு துறைமுகத்தையே கேப்டன் விட்டுவிடுவார். ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. கெய்ராங்கரில் பல கப்பல்கள் நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கரைக்கு இறக்குகின்றன. முட்டி வலி உள்ளவர்கள் 'எந்தத் துறைமுகத்தில் படகு மாற வேண்டும்?' என்று முன்பே கேட்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பெரிய கப்பல் வந்தால் ஃப்ளோம் போன்ற சிற்றூரில் கால் வைக்க இடமிருக்காது, மலை ரயிலில் சீட்டும் இருக்காது. எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வருகிறது என்ற பட்டியலைத் துறைமுகங்கள் முன்கூட்டியே வெளியிடுகின்றன. தரைவழியில் போகிறவர்களுக்கும் அது பயன்படும்: கப்பல் இல்லாத நாளாகப் பார்த்து ஃப்ளோமில் இருங்கள்.

ஒரு விதியையும் கவனிக்க வேண்டும். கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகள் 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. இந்தப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் 10,000 டன் கொள்ளளவுக்குக் குறைவான பயணிகள் கப்பல்கள் 2026 தொடக்கத்திலிருந்து புகை உமிழாமல் ஓட வேண்டும். பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். ஃப்ளோமுக்கும் குட்வாங்கனுக்கும் இடையே முழு மின்சாரத்தில் ஓடும் சுற்றுலாப் படகு 2018லேயே வந்துவிட்டது. இன்ஜின் சத்தமே இல்லாததால் அருவி விழும் ஓசை தளம் வரை கேட்கும்.

இனி கரையோரக் கப்பல். குரூஸ் என்ற பெயருக்கு நார்வேயில் உண்மையிலேயே தகுதியானது இதுதான் என்று அடித்துச் சொல்லலாம். 1893ல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் தொடங்கிய ஹுர்டிக்ரூட்டன் தடம் இது. இன்று ஹுர்டிக்ரூட்டன் நிறுவனத்தின் ஏழு கப்பல்களும் ஹவிலா நிறுவனத்தின் நாலு கப்பல்களும் பகிர்ந்துகொண்டு, 34 துறைமுகங்களைத் தொட்டு ஓடுகின்றன. வடக்கே போக ஏழு நாள், தெற்கே திரும்ப ஆறு நாள். திரும்பும் இடத்தில் ஒரு நாள் பொதுவானதால் சுற்று முழுக்கப் பன்னிரண்டு நாள். சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் ஏறி இறங்கும் வேலைக் கப்பல் இது. சூதாட்ட அரங்கு, இரவு நடனம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான துறைமுகங்களில் கால் மணி, அரை மணிதான் நிற்கும். இரவிலும் கரை சேர்வதால் முன்பக்கக் கீழ்த்தள அறைகளில் உந்து இயந்திரத்தின் அதிர்வு தூக்கத்தைக் கெடுக்கும். நடுப்பகுதியில் அறை கேளுங்கள்.

ஒரு வழி மட்டும் போவதென்றால் வடக்கு நோக்கிப் போவதே மேல். கோடையில் கெய்ராங்கருக்குள் நுழைவது அந்தத் திசையில்தான். ட்ரோம்சோவில் பிற்பகலில் சுமார் நாலு மணி நேரம் கிடைக்கும். தெற்கு நோக்கி வரும் கப்பல் அதே ஊரை நள்ளிரவில் தொடுகிறது. ஹோனிங்ஸ்வோகிலும் பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்பதால், 71 பாகை வடக்கில் 307 மீட்டர் உயரப் பாறையாக நிற்கும் நூர்காப் முனையைப் பேருந்தில் போய்ப் பார்த்து வரலாம். இழப்பு ஒன்று உண்டு: லோஃபோட்டன் தீவுகளுக்கு வடக்குத் திசைக் கப்பல் மாலைக்கு மேல்தான் வந்து சேரும். வெஸ்டரோலன் தீவுகளையும் ராஃப்ட்சுண்ட் நீரிணையையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கத் தெற்குத் திசைதான். கோடையில் இருட்டே கிடையாது என்பதால் வடக்குத் திசைக்காரர்களுக்கு இது பெரிய குறையல்ல. செப்டம்பருக்குப் பிறகு பெரிய குறை.

கரையோரம் என்பதால் கடல் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பெரும்பகுதி தீவுகளின் மறைவில் போனாலும் ஸ்டாட் முனை, ஹூஸ்டாட்விகா, வெஸ்ட்ஃபியோர்டன், கிர்கெனெஸ் பக்கத்து பேரன்ட்ஸ் கடல் ஆகியவை திறந்தவெளிக் கடல். 2019 மார்ச்சில் இன்ஜின் நின்றுபோன வைக்கிங் ஸ்கை என்ற குரூஸ் கப்பலிலிருந்து நூற்றுக்கணக்கானோரை ஹெலிகாப்டரில் மீட்டது ஹூஸ்டாட்விகாவில்தான். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை. அந்தப் பகுதியை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று வரவேற்பு மேசையில் கேட்டு, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தரைவழியின் முதுகெலும்பு ஓஸ்லோ–பெர்கன் ரயில். 1909ல் திறந்த தடம், ஏறத்தாழ ஏழு மணி நேரம், ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேலான பீடபூமியைக் கடக்கிறது. வழியில் மிர்டால் நிலையத்தில் இறங்கி ஃப்ளோம் ரயிலுக்கு மாறினால் 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கிவிடும். வழியில் 20 சுரங்கங்கள், கியோஸ்ஃபோசன் அருவியில் ஒரு நிறுத்தம். ஃப்ளோமிலிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு; குறுகலான இடத்தில் 250 மீட்டர் அகலமே உள்ள நேரோய் ஃபியோர்டு வழியாகப் போகும். அங்கிருந்து பேருந்தில் வோஸ், மறுபடி ரயிலில் பெர்கன்.

இதையெல்லாம் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று விற்பார்கள். முடியும், ஆனால் காலையில் ஓஸ்லோவில் ஏறி இரவில் பெர்கனில் இறங்கும்போது எதைப் பார்த்தோம் என்றே மனதில் நிற்காது. ரயில் ஒன்று தாமதமானால் பின்னால் இருக்கும் எல்லா இணைப்பும் ஆட்டம் காணும். ஃப்ளோமிலோ பக்கத்து ஆர்லாண்டிலோ இரண்டு இரவு தங்குங்கள். மாலையில் கப்பல் கிளம்பியதும் ஊர் காலியாகிவிடும், அந்த நேரம் முழுக்க உங்களுடையது. ஆர்லாண்டுக்கு மேலே 650 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெகாஸ்டைன் காட்சித் தளத்துக்கு அப்போதுதான் போக வேண்டும். விடுதிகள் மிகக் குறைவு, கோடைக்கு நாலைந்து மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். அதன்பின் பெர்கனில் இரண்டு இரவு, ஓலேசுண்டில் இரண்டு இரவு. ஓலேசுண்டிலிருந்து ஹெல்லெசில்ட் போய், அங்கிருந்து கெய்ராங்கருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும் கார் ஃபெர்ரியில் ஏறினால், குரூஸ்காரர்கள் பார்த்த 'ஏழு சகோதரிகள்' அருவி உங்களுக்கும் கிடைத்துவிடும்.

அருவிகளுக்காகவே போகிறவர்கள் மே கடைசி முதல் ஜூன் வரை போங்கள். பனி உருகும் காலம் அது. ஆகஸ்டில் பல அருவிகள் மெலிந்துவிடும். பெர்கனில் எந்த மாதமானாலும் மழை உண்டு. குடையைக் காற்று மடக்கிவிடும், தலைமூடி வைத்த மழைச்சட்டை போதும்.

கார் எடுப்பவர்கள் தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊருக்கு வெளியே வேக வரம்பு பொதுவாக 80. ஆனால் வளைவுகள், சுரங்கங்கள், ஃபெர்ரிக்குக் காத்திருப்பு சேர்த்துச் சராசரி மணிக்கு 50 தாண்டாது. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர்தான் உச்சம். சுங்கக் கட்டணத்தைக் கேமரா எண்பலகையைப் படித்து எடுத்துக்கொள்ளும், வாடகை நிறுவனம் பின்னர் உங்கள் கார்டில் பிடிக்கும். ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் கனமாக இருக்கும். ஓட்டுநரின் ரத்தத்தில் மது வரம்பு 0.02 சதவீதம், ஒரு கோப்பை பீர்கூட வேண்டாம். 11 கொண்டை ஊசி வளைவுள்ள ட்ரோல்ஸ்டிகன் சாலை குளிர்காலம் முழுக்க மூடப்படும். பாறைச் சரிவால் 2024 கோடையிலும் மூடினார்கள். மலைச்சாலை திறந்திருக்கிறதா என்று அறிய 175 என்ற எண்ணை அழைக்கலாம்.

இரண்டையும் கலக்க விரும்புவோருக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. கரையோரக் கப்பலில் துறைமுகத்துக்குத் துறைமுகம் டிக்கெட் விற்கிறார்கள், குறுகிய தூரத்துக்குக் கேபின்கூட வேண்டாம். ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து 729 கிலோமீட்டர் ரயிலில் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து பூடோ போய் இரவு தங்குங்கள். மறுநாள் பிற்பகல் 3 மணி வாக்கில் வடக்கே போகும் கப்பலில் ஏறினால் இரவு 9 மணி அளவில் லோஃபோட்டன் தீவுகளிலுள்ள ஸ்வோல்வேர். லோஃபோட்டன் மலைச்சுவர் கடலிலிருந்து மெல்ல எழும்பி வருவதைப் பார்க்க இந்த ஆறு மணி நேரத்தை மிஞ்சிய வழி இல்லை. பிறகு இரண்டு மூன்று நாள் தீவுகளில் காரில் சுற்றலாம்.

கப்பலையே முழுதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களும் உண்டு. தினம் பெட்டி தூக்க முடியாத பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்குக் கப்பல்தான் சரி. ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை துருவ ஒளி பார்க்கப் போகிறவர்களுக்கும் கரையோரக் கப்பல் பொருந்தும். மலைச்சாலைகள் மூடியிருக்கும், பகல் மிகக் குறுகியது. கப்பலோ ஒளி தெரிந்தால் ஒலிபெருக்கியில் அறிவித்து எழுப்பும். தனியாகப் போகிறவருக்கு மட்டும் கப்பல் செலவு வைக்கும், ஏனெனில் கேபின் விலை இருவருக்கென்று கணக்கிடப்பட்டது.

விசாவில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கனில் இருக்கிறது. கப்பல் சவுதாம்ப்டனில் புறப்பட்டால் ஷெங்கன் விசாவோடு பிரிட்டன் விசாவும் தேவைப்படும். ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் நார்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளது. ட்ரோம்சோவிலிருந்து அங்கே போய்த் திரும்பினால் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு, ஒற்றை நுழைவு விசா செல்லாது. பரோ தீவுகளும் ஷெங்கனுக்கு வெளியே உள்ளன, அவற்றைத் தொடும் கப்பலென்றால் அந்தத் தீவுகளுக்கும் செல்லும் என்ற குறிப்பு விசாவில் வேண்டும். ஆகவே துறைமுகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு கேளுங்கள். விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டையே எடுங்கள்.